புதுப்பிப்பு: டிவியை எடுத்த பிறகு ரேடியோவில் வந்த இரைச்சல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: டிவியைக் கழற்றிவிட்டு, செய்தி கேட்க ரேடியோ வைத்தால் சென்னை வானொலி வரும் 720 கிலோஹெர்ட்ஸில் (மத்திய அலை, அதாவது ஏஎம்) ஒரே கரகரப்பு.

பலித்தது, "மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள்" என்ற யோசனை. அணைத்ததும் சத்தம் தெளிவானது. அதாவது கோளாறு ரேடியோவில் இல்லை, வீட்டு மின்சாரத்தில். மெயினைப் போட்டு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கியதில் சிக்கியது செட்டாப் பாக்ஸின் அடாப்டர். டிவி போன பிறகும் அது பிளக்கிலேயே இருந்தது. இரைச்சல் வடிகட்டி சரியில்லாத அடாப்டரின் சுவிட்சிங் சுற்று (மின்சாரத்தை அதிவேகமாகப் போட்டு அணைக்கும் பகுதி) மத்திய அலையில் நன்றாகவே குறுக்கிடும். எல்இடி பல்பும் அப்படித்தான். இவற்றிலிருந்து ரேடியோவைத் தள்ளி வைத்தால் இரைச்சல் குறையும்.

ரேடியோவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னவரும் சரி. உள்ளே உள்ள ஃபெரைட் கம்பியின் (மத்திய அலையைப் பிடிக்கும் ஏரியல்) முனை ஒலிபரப்புக் கோபுரத்தை நோக்கினால் ஒலி மங்கும். குறுக்காக இருக்க வேண்டும். வெளியே உள்ள ஏரியலை நீட்டுவது எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான் உதவும், மத்திய அலைக்கு வீண் வேலை.

எதிர்பாராதது கரண்ட் கணக்கு: ஸ்டாண்ட்பையில் அந்த பாக்ஸ் இழுத்தது 10 வாட். இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல்!

டிவியைக் கழற்றிய சுவர் ஓட்டைக்கு: ஸ்க்ரூவுக்காகப் போட்ட பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே தட்டிவிட்டு, சுவர்ப் பட்டியை (வால் புட்டி) இரண்டு தடவையாகப் பூசுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் காய்ந்து குழிவிழும்.