முள் அசையாத பஸ்ஸுக்கு முடுக்கம் எப்படி வரும்? ஒன்பதாம் வகுப்புச் சந்தேகம், உதவுங்கள்

பள்ளத்தூர் அம்மா (கேள்வி)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இயக்கம் பாடத்தில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. இரண்டு நாளாக நானும் அவளும் புத்தகத்தைப் புரட்டுகிறோம், அவிழ்ந்தபாடில்லை.

பரீட்சையில் அவள் எழுதியது: ‘வட்டப் பாதையில் மாறாத வேகத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் பூஜ்யம்.’ தப்பு என்று சுழித்துவிட்டார்கள். அவள் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. சீரான இயக்கம், அதில் முடுக்கம் கிடையாது. சீரான வட்ட இயக்கம், அதில் முடுக்கம் உண்டு. சீரான முடுக்க இயக்கம் என்று இன்னொன்று. மூன்றிலும் ‘சீரான’ இருக்கிறது, மூன்றுக்கும் பதில் வேறு. பஸ்ஸில் வேகம் காட்டும் முள் 36-லேயே நின்றால் வளைவில் திரும்பினாலும் முடுக்கம் இல்லை என்றுதானே ஆகும் என்கிறாள்.

இன்னொன்று, மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. நின்ற பொருளுக்கு முடுக்கம் ஏது?

நான் படித்தது வணிகவியல். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வா என்று சொல்ல மனம் வரவில்லை.

தேவகோட்டை வாத்தியார்

சகோதரி, உங்கள் மகள் பிடித்திருப்பது சரியான இடம். இருபது வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், பாதி வகுப்பு இங்கேதான் தடுக்கி விழும். பலர் கேட்காமலே போய்விடுவார்கள்.

‘சீரான’ என்று வரும்போதெல்லாம் எது சீராக இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். சீரான இயக்கத்தில் மாறாமல் இருப்பது திசைவேகம். சீரான வட்ட இயக்கத்தில் மாறாமல் இருப்பது வேகம் மட்டும். திசை கணத்துக்குக் கணம் மாறுகிறது. சீரான முடுக்க இயக்கத்தில் மாறாதது முடுக்கம். திசைவேகம் மாறிக்கொண்டே போகும்.

நம் தமிழ்ச் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. திசைவேகம் என்ற சொல்லுக்குள் திசை உட்கார்ந்திருக்கிறது. முடுக்கம் என்பது திசைவேகம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மாறியது என்ற கணக்கு. திசை மட்டும் மாறினாலும் திசைவேகம் மாறியதுதான். முடுக்கம் என்ற சொல்தான் கொஞ்சம் ஏமாற்றும். ‘வண்டியை முடுக்கினான்’ என்றால் வேகமாக ஓட்டினான் என்றுதானே பேச்சில் அர்த்தம்? அதனால் வேகம் கூடினால்தான் முடுக்கம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது.

அவள் சொன்ன பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். வடக்கே போன பஸ் 5 நொடியில் வளைந்து கிழக்கே திரும்புகிறது, முள் அசையவில்லை. வடக்கே இருந்த 10 முழுதும் போய்விட்டது. கிழக்கே இல்லாத 10 புதிதாக வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மாற்றம் தென்கிழக்குத் திசையில் ஏறத்தாழ 14.1. அதை 5-ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 2.8 மீ/வி². பூஜ்யம் இல்லவே இல்லை.

டவுன் பஸ் ஓட்டுநர்

அக்கா, நான் காரைக்குடியைச் சுற்றி ஓட்டுகிறவன். சார் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் வண்டிக்குள் நடப்பது தெரியும். நேர் ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது படியில் நிற்கிறவர்கூட கம்பியை விட்டுவிட்டுப் போன் பார்ப்பார். வளைவு வந்ததும், ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும், எல்லாக் கையும் கம்பிக்குப் போகும். வலப்பக்கம் திரும்பினால் ஆட்கள் இடப்பக்கம் சாய்வார்கள். பாப்பாவை அடுத்த தடவை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். எங்கே முடுக்கம் என்று உடம்பே சொல்லிவிடும்.

தேவகோட்டை வாத்தியார்

அண்ணே, இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: ஆட்கள் இடப்பக்கம் தள்ளப்படுவதில்லை. அவர்கள் உடம்பு வந்த திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறது, பஸ்தான் வலப்பக்கம் விலகுகிறது. கம்பியும் சீட்டும் அவர்களை வளைவின் உட்பக்கம் இழுத்து வருகின்றன. முடுக்கமும் அந்த உட்பக்கம்தான். அதனால்தான் மையநோக்கு முடுக்கம் என்று பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பு, கோட்டையூர்

பந்துக்கு நான் சொல்கிறேன் ஆன்ட்டி. நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்தால், ஒரு நொடி கழித்து திசைவேகம் 0, இரண்டாவது நொடியில் கைக்குத் திரும்பும்போது -9.8. ஒவ்வொரு நொடிக்கும் 9.8 குறைகிறது, முழு நேரமும் இதே கதைதான். உச்சியில் முடுக்கமும் பூஜ்யம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே வரக் காரணமே இருக்காது. இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள்: கீழே வரும்போதும் முடுக்கம் -9.8-தான், ஆனால் வேகம் கூடுகிறது. எதிர்க்குறி என்றாலே வேகம் குறைகிறது என்று எழுதி நான் இரண்டு மதிப்பெண் விட்டவன்.

பள்ளத்தூர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பஸ் வளைவில் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் வீட்டில் செய்து பார்த்தோம், அதில் ஒரு சிக்கல்.

முதலில் வளவுப் பத்தியில், ஆத்தங்குடிக் கல் தரையில், கோலியை உருட்டினோம். தரை வழவழவென்று இருக்கும். போனில் படம் பிடித்து நொடிக்கு எத்தனை கல் தாண்டுகிறது என்று எண்ணினாள். 4, 4, 4, அப்புறம் 3. சீரான இயக்கம் கிட்டத்தட்டத் தெரிந்தது, கடைசியில் உராய்வு பிடித்துக்கொண்டது.

பிறகு 2 மீட்டர் அலுமினிய சானல் ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் மிச்சமிருந்த இரண்டு கல்லை அடுக்கினோம், ஏறத்தாழ 4 செ.மீ. உயரம். அதில் கோலியை விட்டோம். ஒவ்வொரு நொடி முடிவிலும் கோலி நின்ற தூரம்: 15, 44, 86, 143 செ.மீ. ஐந்தாவது நொடிக்குள் சானலை விட்டே ஓடிவிட்டது. நொடிக்கு நொடி கடந்த தூரம் 15, 29, 42, 57 என்று வருகிறது. 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வரவேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறாள். வரவில்லை. எங்கே தப்பு?

தேவகோட்டை வாத்தியார்

தப்பே இல்லை, அருமையான அளவு! அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 14, 13, 15. ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 14 செ.மீ. கூடுகிறது. அதுதான் முடுக்கம், 0.14 மீ/வி². சீரான முடுக்கம் உங்கள் சானலிலேயே இருக்கிறது.

1, 3, 5, 7 வருவது ஓய்விலிருந்து கிளம்பினால் மட்டும். அப்போது முதல் நொடியில் 14-இல் பாதி, 7 செ.மீ. போகவேண்டும். உங்களுடையது 15 போயிருக்கிறது. ஆக, முதல் நொடியை எண்ணத் தொடங்கும்போதே கோலி நொடிக்கு 8 செ.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறது. பிள்ளை விரலை எடுக்கும்போது லேசாகத் தள்ளியிருப்பாள், அல்லது எண்ணத் தொடங்கியது கொஞ்சம் தாமதம். கையால் விடாமல், கோலிக்கு முன்னால் ஒரு அட்டையை நிறுத்திவைத்து, அதைச் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று உருவச் சொல்லுங்கள்.

இந்த ஒற்றைப்படை விகிதம் கலிலியோ கண்டது. மரப்பலகையில் பள்ளம் செதுக்கி, வெண்கலக் குண்டு உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரம் கணக்கிட்டார். அந்தச் சோதனை 1638-இல் வெளிவந்த அவர் நூலில் இருக்கிறது. உங்களிடம் போன் இருக்கிறது, அவரிடம் அதுகூட இல்லை.

9.8-ஐ 4/200-ஆல் பெருக்கினால் 0.196 வருகிறதே, நமக்கு ஏன் 0.14 என்று அவள் கேட்டால் சந்தோஷப்படுவேன். கோலி வழுக்கிக்கொண்டு வரவில்லை, உருண்டு வருகிறது. சுழல்வதற்கும் ஒரு பங்கு போய்விடும். கெட்டியான குண்டுக்கு மிஞ்சுவது ஏழில் ஐந்து பங்கு. 0.196-இல் அது சரியாக 0.14.

பள்ளத்தூர் அம்மா

அட்டையை வைத்துச் செய்தாயிற்று சார். 7, 21, 34, 49. நான்காவது எண்ணைப் படித்ததும் கத்திய கத்தலில் அப்பத்தா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்கள். என்னவென்று கேட்டு, அவர்களும் ஒரு தடவை அட்டையை உருவினார்கள்.

இப்போது வளவு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு அடுத்த கேள்வி கேட்கிறாள். ஊஞ்சல் நடுவில் வரும்போதுதான் வேகம் மிக அதிகம், அந்தக் கணத்தில் வேகம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்படியானால் அங்கே முடுக்கம் பூஜ்யமா?

தேவகோட்டை வாத்தியார்

வேகம் அந்தக் கணத்தில் மாறவில்லை என்பது சரி. பாதை நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பஸ் வளைவேதான், படுக்கையில் இருந்தது இங்கே நிமிர்ந்து நிற்கிறது. முடுக்கம் நேர் மேலே, சங்கிலி மாட்டிய கொக்கியைப் பார்த்து இருக்கும். நன்றாக வீசி ஆடிவிட்டு, நடுவைத் தாண்டும்போது பலகையில் உடம்பு கனக்கிறதா என்று கவனிக்கட்டும்.