பத்தடிக் கம்பு

குழு: ஞாயிறு ஆட்டம் (வீட்டு ஆட்கள் மட்டும். ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்)

சின்னவன்: அண்ணா, நீ அனுப்பிய பொருள் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கயிறு, ஏணி, வாளி, சோப்பு, பூட்டு. பக்கம் பக்கமாக இதுதான். ஒரு மந்திர வாள்கூட இல்லை. இதை எதற்குப் படிக்க வேண்டும்?

அக்கா: எனக்கும் அதே கேள்விதான். புது மந்திரங்கள் உள்ள புத்தகம் என்றால் இன்றைக்கே படித்து முடித்துவிடுவேன்.

நான்: மந்திர வாள் கிடைத்தால் என்ன செய்வாய்? வெட்டுவாய். அதன் பலன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு வாளி கிடைத்தால் நீ என்ன செய்வாய் என்று ஆட்டத்தை நடத்தும் எனக்கே தெரியாது. அதனால்தான் அனுப்பினேன்.

சின்னவன்: வாளியை வைத்து என்ன பெரிதாகச் செய்ய முடியும்?

நான்: போன வாரம் நிலவறையில் அந்த நீண்ட நடைபாதையில் மாட்டிக்கொண்டீர்களே, நினைவிருக்கிறதா? தரையில் பொறி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மாறி மாறிப் பகடை உருட்டினீர்கள். எண் சரியாக விழவில்லை. கடைசியில் நீ குழியில் விழுந்தாய். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றியிருந்தால், கல் இடுக்கில் தண்ணீர் உள்ளே இறங்கும் இடம் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பகடையே வேண்டாம். நான் மறுத்துப் பேசவும் முடியாது.

அக்கா: அட, அது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்: தோன்றாததற்குக் காரணம் உங்கள் பையில் அது இல்லை. நம் கதாபாத்திரத்தின் திறமையும் பொருள்களும் எழுதும் தாளில் ‘பயணப் பொதி’ என்று ஒரே சொல்லாக எழுதி விட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லைப் பார்த்தால் யாருக்கும் யோசனை வராது. சாக்பீஸ், சிறு கண்ணாடி, மாவுப் பை, பத்து இரும்பு ஆணி என்று தனித்தனியாக எழுதிப் பார். மூலையைத் தாண்டி எட்டிப்பார்க்கக் கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாதவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க மாவு. துரத்தி வருபவர்களைத் தடுக்கக் கதவின் கீழ் ஆப்பாக அடிக்க ஆணி.

சித்தப்பா: நாங்கள் ஆடிய பழைய விதிகளில் சுமையையே காசுக் கணக்கில்தான் எழுதுவோம். பத்துக் காசின் எடை ஒரு பவுண்டு. ஒரு தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். அதனால் திரும்பி வரும்போது தங்கத்தை எடுப்பதா, மிச்சமுள்ள பந்தங்களை வைத்துக்கொள்வதா என்று உண்மையாகவே சண்டை வரும். எனக்கு அரக்கர்கள் மறந்துவிட்டார்கள், அந்தச் சண்டைகள் மறக்கவில்லை.

சின்னவன்: ஆனால் சித்தப்பா, இப்போதைய ஐந்தாம் பதிப்பு விதிகளில் அக்காவின் ஒளி மந்திரம் இருக்கிறதே. தீப்பந்தம் தரும் அதே இருபது அடி வெளிச்சம், அதே ஒரு மணி நேரம். செலவும் இல்லை. அப்புறம் பந்தம் எதற்கு?

நான்: நல்ல கேள்வி. வெளிச்சம் மட்டும் போதும் என்றால் பந்தம் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தத்தில் இருப்பது நெருப்பு. சிலந்தி வலையை எரிக்கும். சுவர் ஓரமாகப் பிடித்தால் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மறைவான கதவின் இடுக்கைக் கண்டுபிடிக்கலாம். சுடர் மங்கினால் உள்ளே காற்று சரியில்லை என்று அர்த்தம். ஒளி மந்திரம் இதில் ஒன்றையும் சொல்லாது.

அக்கா: சரி, நான் ஒரு கட்டுப் பந்தம் எழுதிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் எடை கூட்டிக் கழித்து உட்கார என்னால் முடியாது. ஆட்டம் கணக்குப் பாடம் ஆகிவிடும்.

நான்: அது நியாயம்தான். எடை வேண்டாம். ஆளுக்குப் பத்து இடம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு பொருளுக்கு ஓர் இடம். சின்னச் சின்னப் பொருள்கள் ஒரு பையாக ஓர் இடம். எதை விட்டுவிட்டு வருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தத் தேர்வு மட்டும்தான்.

சித்தப்பா: கயிறு வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஐம்பது அடிக் கயிற்றைக் கட்டி இறங்கினால் ஐம்பது அடி இறங்கலாம், ஆனால் கயிறு மேலேயே நின்றுவிடும். தூணைச் சுற்றி இரட்டையாகப் போட்டால் கீழிருந்து உருவி எடுத்துக்கொள்ளலாம். அப்போது இருபத்தைந்து அடிதான்.

நான்: இதை எந்தப் பகடையாலும் சொல்ல முடியாது சித்தப்பா! நல்ல பொருள் பட்டியல் இன்னொன்றும் செய்யும். 1992இல் அரோராஸ் ஹோல் ரெல்ம்ஸ் கேட்டலாக் என்று ஒன்று வந்தது. இந்த ஆட்டத்தின் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற கற்பனை உலகத்திலேயே உள்ள வியாபாரி தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய விற்பனைப் பட்டியல் போலவே எழுதியிருப்பார்கள். துணி, சாப்பாட்டுப் பொருள், வீட்டுச் சாமான். போர் வரலாற்றைப் படித்தபோது அந்த உலகம் எனக்கு வரைபடமாகத்தான் இருந்தது. அங்கே என்ன விற்கிறார்கள் என்று படித்த பிறகு ஆட்கள் வாழும் இடமாக ஆகிவிட்டது.

சின்னவன்: நான் இப்போது ஆயுதங்களுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறேன். தரையில் தூவும் இந்த முள் என்ன?

அக்கா: இரும்பு நெருஞ்சி. எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்.

சின்னவன்: இருபது முள் ஒரே ஒரு தங்கக் காசா! அப்படியென்றால் குறுகிய நடைபாதையில் தூவிவிட்டு நாம் பின்னால் நின்றால்...

நான்: எதிரி ஓடி வர முடியாது. மெதுவாக, பார்த்துப் பார்த்துத்தான் வர வேண்டும்.

சின்னவன்: எழுதிக்கொண்டேன். ஏணியும் வேண்டும். பத்தடி ஏணி. அந்தக் குழியின் மேல் படுக்கப் போட்டால் பாலம் ஆகுமா?

சித்தப்பா: குழி எட்டடி என்றால் ஆகும். பத்தடி என்றால் விளிம்பில் நிற்காது.

சின்னவன்: அண்ணா, அந்தக் குழி எத்தனை அடி?

நான்: நீ இன்னும் அளக்கவில்லையே. அளக்கப் பத்தடிக் கம்பு ஐந்து செப்புக் காசு.