நிலக்கடலைக்குத் தெளிப்பு நீர்: சராசரி சரியாக இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

கேள்வி:
பொள்ளாச்சிப் பக்கம் நிலக்கடலைக்கு 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடைவெளியில் ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறேன். பயிர் திட்டுத்திட்டாக வாடுவதால், நான்கு தெளிப்பான்களுக்கு நடுவே 3 மீட்டருக்கு ஒன்றாக, ஒரே அளவுள்ள 16 தகர டப்பாக்களை வைத்து ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டினேன். தேங்கிய நீர் மில்லிமீட்டரில்: 5, 6, 6, 7, 8, 9, 9, 11, 11, 11, 12, 12, 12, 13, 14, 14. சராசரி 10, நான் கொடுக்க நினைத்ததும் அதுதான். பிறகு குறை எங்கே?

மறுமொழி 1:
ஐயா, சராசரியை வைத்து முடிவு செய்ய இயலாது. கலிஃபோர்னியாவில் 1942-இல் நீர்ப்பாசன ஆய்வாளர் கிறிஸ்டியான்சன் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் கூட்டல் கழித்தல் குறி பாராமல் கூட்டினால் 40 வரும்; அதை 16 டப்பாக்களின் மொத்தமான 160-ஆல் வகுத்து, 1-இலிருந்து கழித்தால் தங்கள் வயலின் சீர்மை, அதாவது நீர் எங்கும் சமமாக விழும் அளவு, 75 விழுக்காடு. தெளிப்பு நீருக்கு 84-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பார்கள். ஆனால் வாடும் திட்டுகளைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடைசிக் கால்பங்குக் கணக்கு. மிகக் குறைவாக நிரம்பிய நான்கு டப்பாக்களின் சராசரி 6 மட்டுமே, அதாவது 60 விழுக்காடு. அந்த இடத்துக்கும் 10 மில்லிமீட்டர் சேர வேண்டுமானால் வயல் முழுவதற்கும் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் விட வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் மிகுதி நீரோடு உரமும் வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டுவது தீர்வாகாது.

மறுமொழி 2:
குறைவாக நிரம்பிய நான்கும் வயலில் எங்கே இருந்தன? எந்த நேரத்தில் அளந்தீர்கள்? தெளிப்பான்கள் பொருத்திய பக்கக் குழாயை இடம் மாற்றி மாற்றி ஓட்டுபவராக இருந்தால், அடுத்த இடத்திலும் ஓட்டி முடியும் வரை டப்பாக்களை எடுக்காமல் வைத்திருந்து, இரண்டு முறையும் விழுந்த நீரைச் சேர்த்தே அளக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பக்கக் குழாய்களும் ஒரே நேரத்தில்தான் ஓடின. குறைந்தவை நான்கும் மேற்கு ஓரத்து வரிசை. அளந்தது ஆனி மாதத்துப் பிற்பகல் மூன்று மணி.

மறுமொழி 2:
அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத்தான். அது மேற்கிலிருந்து அடித்து நீரைக் கிழக்கே தள்ளியிருக்கும். காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் இதே டப்பாக்களை இதே இடங்களில் வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள். அப்போதும் மேற்கு வரிசை குறைந்தால், முதல் தெளிப்பானிலும் கடைசித் தெளிப்பானிலும் அழுத்தத்தைச் சோதியுங்கள். 20 விழுக்காடு வேறுபட்டால் வெளிவரும் நீர் சுமார் 10 விழுக்காடு மாறும். நாசில் (நீர் பீய்ச்சும் முனை) துளை தேய்ந்திருக்கிறதா என்பதைத் துரப்பணப் பிட்டின் (டிரில் பிட்) அடித்தண்டை நுழைத்தே கண்டுபிடிக்கலாம். புதிய நாசிலில் ஆடாமல் பொருந்தும் தண்டு பழையதில் ஆடினால் மாற்றிவிடுங்கள்.