கிற்றாரில் உங்கள் கை எப்போது, எப்படித் திருந்தியது?

கல்லடிக்காரன்

முதலில் என் கதை. வயது 38. கிற்றார் தூக்கி ஒன்பது மாதம். ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்க முடியாமல் இருந்ததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்கள்: விரல் குட்டை, வயது போய்விட்டது, வாத்தியம் மலிவு. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருந்தது.

வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் புதுக் கம்பியும் மூன்று கிழமையில் கறுத்துவிடும். அதன்மேல் விரலை நகர்த்தினால் அரத்தில் தேய்ப்பது போல இருக்கும். நானும் விடாமல் அழுத்தினேன். இடது பெருவிரலின் அடியில் நோவெடுத்து, விடிந்தால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது. "கோட் பிடிபடவே இல்லை" என்று, பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கிற்றார்ப் பிடியைச் சொல்லி, ஒருநாள் புலம்பியபோது பெத்தா (பாட்டி) பதறிப்போய், "என்ன வழக்கு மனே?" என்றார். எங்கள் பக்கத்தில் பழையவர்களுக்குக் கோடு என்றால் நீதிமன்றம்தான்.

போன ஆனியில் மட்டக்களப்பு டச்பார் பக்கம் ஒரு பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்) வீட்டுக் கல்யாணம். அவர்களுடைய கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கியது. வயலின் முன்னே ஓட, எழுபது வயதிருக்கும் ஓர் அங்கிள் கிற்றாரில் ஆறெண்ணிக்கைத் தாளம் போட்டபடி இருந்தார். ஒரு மணித்தியாலம் நிற்காமல் வாசித்தார். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பவருடைய கை மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கிட்டப் போய் என் குறையைச் சொன்னேன். கிற்றாரை என் மடியில் வைத்தார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளைப் பிரெட் என்பார்கள். "மூன்றாம் கம்பி, ஐந்தாம் பிரெட். விரலை வை மகன், அழுத்தாதே. இப்போது தட்டு." டப் என்று ஒரு செத்த சத்தம். "தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்து." டப், டப், பிறகு ஒரு கரகரப்பு, பிறகு சட்டென்று தெளிவான சுரம். "நில்! அவ்வளவுதான். இதற்கு மேல் அழுத்துவது விரலுக்குச் செய்கிற அநியாயம்." நான் வழமையாகப் போடும் பலத்தில் மூன்றிலொரு பங்குகூட அது இல்லை. பிறகு என் விரலை உலோகக் கோட்டுக்கு ஒட்டினாற்போல, அதற்குச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். அங்கே இன்னும் குறைந்த பலமே போதுமாக இருந்தது. நான் அதுவரை இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு கிழமை, இரவில் பிள்ளை தூங்கியபின் இருபது நிமிடம் இதை மட்டுமே செய்தேன். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்களே, அதுபோல் கிற்றாரின் மேல்விளிம்பில் காதை வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டுவேன். வெளியே கேட்காத கரகரப்பெல்லாம் மரத்துக்குள்ளே கேட்கும்.

பெருவிரல் நோவு போய்விட்டது. இப்போது எஃப் கோட்டில் நிற்கிறேன். கடந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


சாய்ந்தமருது

எஃப் என்னை எட்டு மாதம் படுத்தியது. சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே கிடத்தி எல்லாவற்றையும் ஒரே பலத்தில் நசுக்கப் பார்த்ததுதான் பிழை. வடிவத்தைக் கவனியுங்கள்: ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் பார்த்துக்கொள்கின்றன. சுட்டுவிரல் உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியவை ஆறாவது, இரண்டாவது, முதலாவது மட்டும். விரலைப் பெருவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்புள்ள ஓரத்தால் பிடித்தேன். நடுவில் விரல் மடிப்புப் பள்ளம் எந்தக் கம்பியில் விழுந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, முதலாம் பிரெட்டில் ஆரம்பிக்கவே வேண்டாம். அதே வடிவத்தை ஐந்தாம் பிரெட்டில் பிடித்தால் ஏ கோட். அங்கே கம்பி இளகிக் கொடுக்கும். அது சுத்தமாகக் கேட்டபின் ஒவ்வொரு பிரெட்டாகக் கீழே இறங்கி வந்தேன்.

ஆனால் இரண்டாம் பிரெட் வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். நான் கிற்றார் வாசிப்பதில் வாப்பாவுக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடையாது. ஆனால் அவர் தச்சுவேலைக்காரர், மரத்தில் ஒரு குறையைக் கண்டால் விடமாட்டார். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் பதியும் வெள்ளைத் துண்டைக் (நட் என்பார்கள்) கண்ணோடு ஒட்டிப் பார்த்து, "காடி ஆழமில்லை" என்றார். காடி என்றால் கம்பி இறங்கும் வெட்டு. ஒரு கம்பியை மூன்றாம் பிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் பிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். என்னுடையதில் கல்யாண அழைப்பிதழே நுழைந்தது.

மெல்லிய அரத்தால் வாப்பா ஒவ்வொரு காடியாக ராவினார். நாலு இழுப்பு, கம்பியைப் பூட்டு, பார். மறுபடி கழற்று. ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. ஐந்தாம் கம்பிக்கு மட்டும் ஒரு இழுப்புக் கூடிவிட்டது. அது இன்றைக்கும் திறந்த கம்பியாக வாசிக்கும்போது இரையும். காடிக்குள் ஒரு சிறு கடதாசித் துண்டு வைத்துச் சமாளிக்கிறேன். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே அரத்தைத் தொடுமுன் இருமுறை யோசியுங்கள். எஃப் அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பே பேசிவிட்டது.

அங்கிள் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஒற்றைக் கம்பிக்கு அது சரி. குறுக்குப் பிடிக்குக் கொஞ்சமாவது பலம் வேண்டும். அதைப் பெருவிரலால் நெரித்து எடுக்காமல், முழங்கையைப் பின்னுக்கு இழுத்துக் கையின் பாரத்தால் எடுங்கள்.


ஆரையம்பதி

கம்பி நோகிறது என்றால் நைலோன் கிற்றாருக்கு மாறலாம், நான் மாறினேன். ஆனால் மறுவளமாகச் செய்துவிடாதீர்கள். என் மச்சான் நைலோன் கிற்றாரில் "சத்தம் பத்தாது" என்று இரும்புக் கம்பி பூட்டினார். நைலோன் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும் என்றால், இரும்பு 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நடுச்சாமத்தில் கிற்றாரின் பாலம் (உடலில் கம்பிகளைக் கட்டும் துண்டு) பெயர்ந்து பறந்த சத்தத்தில் தெரு நாய் முழுக்கக் குரைத்தது.


காரைதீவு

"வீணை தெரிந்தவளுக்குக் கிற்றார் என்ன பெரிய விடயம்" என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து வருடம் படித்த வீணைதான் எனக்கு வினையாக வந்தது.

சுருதி காட்டும் ட்யூனர் ஆறு கம்பியும் சரி என்கிறது. கோட்டைப் பிடித்து மீட்டினால் எங்கோ ஒன்று புளிக்கிறது. இரண்டு மாதம் கம்பியைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். பிறகு ஒருநாள் ட்யூனரை அணைக்காமல், சீ கோட்டைப் பிடித்தபடியே ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்த்தேன். இரண்டாம் கம்பியில் முள் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. விரலைத் தளர்த்தினால் நடுவுக்கு வருகிறது. விளங்கிவிட்டது: கமகத்துக்குப் பழகிய விரல், கேட்காமலே கம்பியை ஒரு நூல் அளவு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது. வீணையில் அந்த இழுவையில்தான் ராகமே இருக்கிறது. கிற்றார்க் கோட்டில் அது வெறும் அபசுரம். விரல் நுனியை நேர் செங்குத்தாக இறக்கி, நகத்தையும் ஒட்ட வெட்டியபின்தான் அடங்கியது.

வலது கையும் சேர்ந்து படுத்தியது. வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மீட்டும், சின்னவிரல் தாளக் கம்பியைத் தட்டும். பெருவிரலுக்கு அங்கே மீட்டும் வேலை இல்லை. கிற்றாரில் கீழ்ச்சுரம் முழுக்க அதன் பொறுப்பு. ஆகவே ஒரு மாதம் பெருவிரலுக்கு மட்டும் சாதகம் செய்தேன்: ஆறாம் கம்பி, நான்காம் கம்பி, ஆறு, நான்கு.

எங்கள் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1947இல் நூலாக வெளியிட்டாரே, அந்த யாழில் இந்தச் சிக்கலே கிடையாது. மெட்டும் (வீணையில் பிரெட்டுக்கு அதுதான் பெயர்) இல்லை, அழுத்தலும் இல்லை, நரம்புக்கு ஒரு சுரம். சில இரவுகளில் பொறாமையாக இருக்கிறது.

கல்லடிக்காரருக்கு: வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சீலைத் துண்டால் கம்பியை மேலும் கீழும் துடையுங்கள். எங்கள் வீடும் கடலோரம்தான். கம்பி இரண்டு மடங்கு நாள் உழைக்கிறது.


புளியந்தீவு

எனக்கு இடது கையால் வந்த அவமானம், வலது கையால் தீர்ந்தது. ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிக்க ஏறினேன். ஜீ கோட்டிலிருந்து சீ கோட்டுக்கு மாறும்போதெல்லாம் விரல்களைத் தேடி அடுக்கும்வரை மீட்டுவதை நிறுத்திவிடுவேன். சனம் எனக்காக நிற்குமா? காணிக்கைப் பாட்டில் அவர்கள் ஒரு வரி முன்னால், நான் ஒரு வரி பின்னால். ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் பிறகு சொன்னார்: "கோட் பிழைத்தால் நாலு பேருக்குத் தெரியும் தம்பி. கை நின்றால் கோயில் முழுக்கத் தெரியும்."

அன்றிலிருந்து பயிற்சியை மாற்றினேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, இடது கையால் கம்பிகளை மூடி, வலது கையை மட்டும் ஐந்து நிமிடம் ஓட விடுவேன். பிறகுதான் கோட். கோட் வந்து சேராவிட்டாலும் கை கீழே மேலே போய்க்கொண்டே இருக்கும், திறந்த கம்பிகள் ஒலித்துவிட்டுப் போகட்டும். மாற்றங்களில் எந்த விரல் நகரத் தேவையில்லை என்றும் பார்க்கத் தொடங்கினேன். சீயிலிருந்து ஏ மைனருக்கு மோதிர விரல் மட்டும் எழும்பினால் போதும். நானோ மூன்றையும் தூக்கி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.


கல்லடிக்காரன்

சாய்ந்தமருதுக்காரர் சொன்ன சோதனையைச் செய்தேன். எனக்கும் அழைப்பிதழ் நுழைகிறது. அரத்தைத் தொட எனக்குத் துணிவில்லை, டச்பார் அங்கிளிடம்தான் கொண்டுபோக வேண்டும். அதுவரை ஐந்தாம் பிரெட்டில் பழகுகிறேன். நேற்றிரவு மரத்தில் காதை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஐந்து கம்பி பேசியது. இரண்டாவது இன்னும் ஊமை. அதோடு மல்லுக்கட்டியதில் பிள்ளை எழும்பிவிட்டான்.