எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 இரண்டும் இருந்தால் சிகிச்சை மாறுமா?

தண்டையார்பேட்டை தம்பி:
அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 இரண்டும் பாசிட்டிவ் என்று அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் அறிக்கை கொடுத்தார்கள். கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறார். இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் வைரல் லோட் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று வந்திருந்தும், நோய் எதிர்ப்புச் செல்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை ஏறாமலே இருக்கிறது. இரண்டு கிருமிகளுக்கும் தனித்தனி மருந்து உண்டா? அண்ணியைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

ஆய்வகப் பணியாளர், ராயபுரம்:
தம்பி, முதலில் அந்த அறிக்கையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவுடையவை. ஒன்றுக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருள் பரிசோதனை அட்டையில் மற்றொன்றுக்கான கோட்டிலும் ஒட்டிக்கொள்வதால், விரைவுப் பரிசோதனையில் இரண்டுமே இருப்பதுபோல் காட்டுவது உண்டு. ஆகவே எச்.ஐ.வி.-2 உறுதிப்படுத்தும் ஆய்வகத்துக்கு இரத்த மாதிரி அனுப்பப்பட்டதா என்று எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். எச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்காவில்தான் மிகுதி என்றாலும் இந்தியாவிலும் 1991 முதல் பதிவாகி வருகிறது.

உறுதியானால், கவனிக்க வேண்டியது மருந்தின் பெயர். நெவிரபின், எஃபாவிரென்ஸ் இரண்டும் எச்.ஐ.வி.-2ஐக் கட்டுப்படுத்தாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய மாத்திரை இரண்டு கிருமிகள் மீதும் வேலை செய்யும் என்பதால் தனித்தனி மருந்து தேவையில்லை.

இன்னொன்றைப் பலர் அறியாமலே நிம்மதியடைந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது: வழக்கமாக எடுக்கும் வைரல் லோட் பரிசோதனை எச்.ஐ.வி.-1ஐ மட்டுமே அளக்கிறது. அதில் ஒன்றும் தென்படவில்லை என்பதால் எச்.ஐ.வி.-2ம் அடங்கிவிட்டதாகப் பொருள் கொள்ள முடியாது. சி.டி.4 ஏறாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:
மிக்க நன்றி ஐயா. மருந்து டப்பாவில் நீங்கள் சொன்ன மூன்று பெயர்களும் இருக்கின்றன. அப்படியானால் சி.டி.4ஐ மட்டும் நம்பினால் போதுமா?

செவிலியர், வியாசர்பாடி:
உங்கள் அண்ணனுக்கு அது முக்கியமான அளவுகோல்தான், தம்பி. ஆனால் எல்லாருக்கும் அது சரியாகக் காட்டாது. எச்.டி.எல்.வி.-1 என்ற வேறொரு ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி.யும் இந்த வகைக் கிருமிதான்) சி.டி.4 செல்களைப் பெருகச் செய்வதால், எச்.ஐ.வி.யோடு அதுவும் சேர்ந்திருப்பவருக்கு எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தே இருக்கலாம். தென்மேற்கு ஜப்பான், கரீபியன் தீவுகள் போன்ற இடங்களில் காணப்படும் இது நம் ஊரில் அரிது. வழக்கமான பரிசோதனையிலும் இடம்பெறுவதில்லை. கால்கள் விறைத்து நடை தளர்வதும், சிறுநீர் கழிப்பதில் சிரமமும் சேர்ந்து வந்தால் மட்டும் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

அண்ணிக்கும் பரிசோதனை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பரிசோதனை இலவசம். அவருடைய ஒப்புதல் இல்லாமல் முடிவை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது.