அடக்குமுறை இல்லாமல் கிழக்கு ஐரோப்பிய த்ராஷ் வந்திருக்குமா?

இரும்புக்காது:
என் கட்சி இதுதான்: கம்யூனிஸ்ட் அரசு நெருக்கியதால்தான் த்ராஷுக்கு, அதாவது வேகமும் மூர்க்கமுமான அந்த மெட்டல் ராக் இசைக்கு, அவ்வளவு வெறி வந்தது. அன்றைய கிழக்கு ஜெர்மனியையே பாருங்கள். மேடையேற உரிமம் வேண்டும், அதற்கு ஒரு குழுவின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பை மட்டுமல்ல, பாட்டு வரியையும் பார்ப்பார்கள். அவர்கள் போடும் தரத்தை வைத்துத்தான் சம்பளம். 1958-லிருந்து 60/40 விதி வேறு. வாசிப்பதில் 60 விழுக்காடு சோஷலிச நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டும். இத்தனையும் தாண்டி ஒருவன் கிராமத்து மண்டபத்தில் கலிஃபோர்னியாவின் ஸ்லேயர் குழுவின் பாட்டை வாசித்தான் என்றால், அந்தக் கோபம் கலிஃபோர்னியாப் பையனுக்கு வருமா?

பழையகேசட்:
கோபம் வந்தது சரி, பாட்டு வந்ததா? நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவன் வாசித்தது ஸ்லேயர். அசல் குழுவை நேரில் பார்க்க ரசிகனுக்கு வழியில்லை, அதனால் அடுத்தவன் பாட்டுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. இசைத்தட்டு போட அமிகா என்ற அரசு நிறுவனத்தை விட்டால் வேறு கதியில்லை.

பக்கத்திலேயே போலந்து. அங்கேயும் கட்சி ஆட்சிதான், 1981 டிசம்பரில் ராணுவச் சட்டமே போட்டார்கள். வார்சாவின் மிசியா தெருவில் தணிக்கை அலுவலகம் இருந்தது. ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. 1986-ல் கட்டோவிட்சேயில், பறக்கும் தட்டு இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும் ஸ்போடெக் அரங்கில், மெட்டல்மேனியா விழா தொடங்கியது. அதே ஆண்டு அந்த ஊர்க் குழுவான காட் '666' என்று பெயர் வைத்தே ஆல்பம் போட்டது. 1987 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு அதே அரங்கில் இரண்டு இரவு வாசித்தபோது முதலில் மேடையேறியதும் காட்தான். பிடி தளர்ந்த இடத்தில்தான் ஆல்பம் வந்திருக்கிறது.

இரும்புக்காது:
காட் பாடியது சாத்தானை. கட்சிக்குச் சாத்தானிடம் என்ன பகை? அன்றைய போப் பிறந்த நாட்டில் பாதிரிமார் முகம் சுளித்தால் தணிக்கைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தட்டுப்பாட்டால் இறைச்சிக் கடை முன் நீண்ட வரிசையைப் பாடியிருந்தால் விட்டிருப்பார்களா? நீங்கள் சொல்லும் தளர்வு வெறும் வடிகால். கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் மெட்டல் ரசிகர்களைத் தனி வகையாகப் பிரித்தே கண்காணித்தது. எர்ஃபுர்ட்டின் மேக்பெத் குழு மேடையேறவே தடை. பயப்படாத அரசு இதையெல்லாம் செய்யுமா?

நள்ளிரவுஅலைவரிசை:
இரண்டு பேரும் வானொலியை விட்டுவிட்டீர்கள். டிடி64 கிழக்கு ஜெர்மன் அரசின் இளைஞர் வானொலி. அதிலேயே 'டென்டென்ஸ் ஹார்ட் பிஸ் ஹெவி' என்று மெட்டலுக்குத் தனி நிகழ்ச்சி ஓடியது. இன்னொரு நிகழ்ச்சியில் முழு ஆல்பத்தையும் நடுவில் பேசாமல் ஓடவிடுவார்கள், வீட்டில் ரெக்கார்டரில் பதிந்துகொள்வதற்காகவே. ஆக, ஆள் விட்டுக் கண்காணித்ததும் அரசு, பாட்டுப் போட்டதும் அரசு.

பயம் என்றீர்களே, அதற்கு ஒரு கூத்து. 1985 ஜனவரியில் சோவியத்தின் நிகோலாயெவ் ஊரில் கட்சியின் இளைஞர் அமைப்பான கொம்சோமோல் ஒரு தடைப் பட்டியல் போட்டது. பிரிட்டிஷ் மெட்டல் குழுவான பிளாக் சபாத்துக்கு நேராக 'வன்முறை, மதவெறி' என்ற பொருளில் எழுதியிருந்தது. போகட்டும். காதல் பாட்டுக்காரர் ஹூலியோ இக்லேசியாஸுக்கு நேராக என்ன தெரியுமா? 'நவபாசிசம்'! இவர்களுக்கு எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியவில்லை.

பழையகேசட்:
ஹாஹா, இக்லேசியாஸ் பாவம்.

சரி, தடை போன பிறகு என்ன ஆயிற்று? 1990 மார்ச்சில் கிழக்கு பெர்லினின் வெர்னர் சீலன்பிண்டர் அரங்கில் மேற்கிலிருந்து வந்த த்ராஷ் குழுக்களான கிரியேட்டரும் கொரோனரும் டாங்கார்டும் வாசித்தார்கள். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. உள்ளூர்க் குழுக்கள் பல கலைந்தே போயின. நெருக்கடி கொடுத்த வெறி என்றால் கொஞ்ச நாளாவது தாங்க வேண்டாமா? போலந்தின் வேடர் குழுவோ 1990-ல் 'மார்பிட் ரைக்' டெமோ (மாதிரிப் பதிவு), 1992-ல் இங்கிலாந்தின் இயரேக் இசைத்தட்டு நிறுவனம் வழியாக முதல் ஆல்பம் என்று மேலே போனது.

இரும்புக்காது:
அசலே வாசலுக்கு வந்தால் ரசிகன் அங்கேதான் போவான், அதற்குக் குழு என்ன செய்யும்? அப்புறம், வேடர் ஓல்ஸ்டினில் தொடங்கியது 1983-ல். 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சியில்தான் கை பழகினார்கள். அந்த ஆறு வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பழையகேசட்:
ஆறு வருடத்தில் ஓர் ஆல்பம்கூட வரவில்லையே நண்பரே, அந்தக் கணக்கில்தான்.