புதுப்பிப்பு: மல்டிமீடியா நெட்வொர்க்கிங் எடுத்து முடித்தாயிற்று

ஒலியையும் வீடியோவையும் நெட்வொர்க் வழியே கொண்டுசேர்ப்பது பற்றிய இந்தப் பாடத்தை முதுநிலையில் விருப்பப் பாடமாக எடுக்கலாமா, யூடியூபும் ஜூமும் வந்த பிறகு படிக்க என்ன மிச்சம் என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்தேன், செமஸ்டர் முடிந்தது. தயங்குபவர்கள் தாராளமாக எடுங்கள்.

பாடத்தின் உயிரே தாமதம்தான். பேச்சு மறுமுனைக்குப் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் உறுத்தாது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை, அதற்குள் ஒலியைப் பிடித்து, சுருக்கி, அனுப்பி, ஜிட்டர் பஃபரில் (பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வந்துசேரும் நேரம் கூடிக் குறைவதுதான் ஜிட்டர்; அதைச் சமன்செய்யும் தற்காலிக நினைவகம் இது) கொஞ்சம் நிறுத்தி வைத்து ஒலிக்கவும் செய்ய வேண்டும். பஃபரைப் பெரிதாக்கினால் பேச்சு விட்டுவிட்டு வராது, ஆனால் தாமதம் கூடும். தொலைந்த பாக்கெட்டை, எதையும் விடாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டி.சி.பி. மறுபடி அனுப்பி வாங்குவதற்குள் அந்தச் சொல்லின் நேரமே போய்விடும், அதனால்தான் நேரலைப் பேச்சு பெரும்பாலும் தொலைந்ததை மறுபடி அனுப்பாத யூ.டி.பி. மேல், ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணும் நேரமுத்திரையும் சேர்க்கும் ஆர்.டி.பி.யில் போகிறது. ஆர்.டி.பி. 1996-ல் வந்த நெறிமுறை, பிரவுசரிலேயே அழைப்பு பேச உதவும் இன்றைய வெப்ஆர்டிசியிலும் அதுதான்! பதிவுசெய்த வீடியோவுக்கு இந்த அவசரம் இல்லை.

கணக்கு வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டும், பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் க்யூயிங் தியரிக்கு நிகழ்தகவு தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், பிரவுசரில் நீங்களே பேசும் வீடியோ அழைப்பை நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பாருங்கள். உள்ளடக்கம் குறியாக்கத்தில் இருந்தாலும் வரிசை எண்ணும் நேரமுத்திரையும் தெரியும், ஜிட்டரை நீங்களே கணக்கிடலாம்.